அண்டங்களின் ஆராய்ச்சியும் அயல் விஞ்ஞானங்களும்

பாடசாலை நேரசூசியிலே பௌதிகத்திற்கு ஒரு பாடவேளை, இரசாயனத்திற்கு ஒரு பாடவேளை, கணிதத்திற்கும் உயிரியலுக்கும் வேறு பாடவேளைகள் என வகுத்திருப்பது கற்பித்தலின் வசதி கருதியேயாகும். மணி அடித்ததும் ஒரு நூலை மூடி மற்றொன்றைத் திறக்கும் மாணவன், இயற்கையும் இவ்வாறே அறை அறையாகப் பிரிந்து கிடக்கின்றது என எண்ணிவிடுதல் கூடும். அவ்வெண்ணம் தவறென்பதை நன்கு புலப்படுத்தும் துறைகளுள் ஒன்று அண்டங்களைப் பற்றிய ஆராய்ச்சி. அத்துறைக்கெனத் தொடக்கத்தில் இருந்த கருவி தொலைகாட்டி ஒன்றே. அதனை மட்டும் துணைக்கொண்டு முந்நூறு ஆண்டுகளாக விடை காணாதிருந்த வினாக்களுக்கு, இரசாயனமும் பௌதிகமும் கைகொடுத்த பின்னரே விடை கிடைத்தது. பெற்ற கடனை அத்துறை பிற்காலத்தில் வட்டியோடு திருப்பியும் கொடுத்தது. ஒருமுறை புவிச்சரிதவியல் அதற்கு எதிராகச் சாட்சி கூற, தன் அளவுகோலையே திருத்திக்கொள்ள வேண்டிய நிலையும் அதற்கு ஏற்பட்டது. இக்கொடுக்கல் வாங்கலின் வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்டம் என்பது யாது?

கோடிக்கணக்கான உடுக்களும், அவற்றிடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் ஈர்ப்பு விசையினாற் பிணிக்கப்பட்டு, ஒரு குடும்பம்போல ஒருங்கே இயங்கும் தொகுதியே ஈண்டு அண்டம் எனப்படுகின்றது. அண்டங்கள் யாவற்றையும் உள்ளடக்கிய முழுமையைப் பிரபஞ்சம் எனலாம். ஞாயிறு உறுப்பாயுள்ள அண்டம் பால்வீதி எனப் பெயர்பெறும். தட்டுப்போன்ற வடிவினதாகிய அதன் விட்டம் ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டு. அதிலுள்ள உடுக்களின் தொகை 10,000 கோடிக்குக் குறையாது. ஞாயிறு அதன் மையத்திலிருந்து ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தொலைவில் நின்று, சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை அம்மையத்தைச் சுற்றி வருகின்றது.

தை மாதத்தில் முகிலும் நிலவுமற்ற முன்னிரவொன்றில் இலங்கையிலிருந்து வடமேற்கு வானத்தை உற்று நோக்குவோர், மங்கலான சிறு வெண்படலம் ஒன்றை வெறுங்கண்ணாலேயே காணலாம். அதுவே அன்டிரமீடா அண்டம். பாரசீகத்து வானியலறிஞர் அல் சூபி அதனைச் சிறு முகிலென 964ஆம் ஆண்டளவிலேயே குறித்து வைத்தார். அதிலிருந்து இன்று கண்ணை எட்டும் ஒளி, இற்றைக்கு 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்து புறப்பட்டதாகும்.

அண்டங்கள் பலகோடி என்னும் எண்ணம் சைவ நூல்களிற் பயின்ற தமிழருக்குப் புதிதன்று. ஆயினும், அந்நூல்கள் அதனை இறைவன் பெருமையை உணர்த்துதற் பொருட்டே உரைத்தன. அவை எத்துணைத் தொலைவில் உள்ளன, எப்பொருளால் ஆயவை, எவ்வளவு பழையன என்பவற்றை அளந்து காணுதல் வேறொரு முயற்சி. அம்முயற்சியே இங்குப் பேசப்படுகின்றது.

தொலைகாட்டி மட்டும் போதாமை

கலிலியோ 1610ஆம் ஆண்டளவில் தொலைகாட்டியின் வாயிலாகப் பால்வீதி எண்ணிறந்த உடுக்களின் திரளே எனக் கண்டார். 1755இல் ஜேர்மன் தத்துவஞானி காண்ட், வானிலே தோன்றும் புகையுருக்களுட் சில பால்வீதியை ஒத்த வேறு உடுத்திரள்களாக இருக்கலாம் எனக் கருதினார். பிரான்சிய வானியலார் மெசியர் 1781இல் வெளியிட்ட பட்டியலில் 103 பொருள்கள் இடம்பெற்றன. அன்டிரமீடா அவற்றுள் 31ஆவது. 1845இல் அயர்லாந்தில் ரொஸ் பிரபு, 72 அங்குல விட்டமுள்ள ஆடி பொருந்திய பெருந்தொலைகாட்டியினால் புகையுருவொன்றின் சுருள் வடிவத்தைக் கண்டறிந்தார்.

இவ்வளவு கண்டும் மூலவினா தீரவில்லை. சுருட் புகையுருக்கள் பால்வீதிக்குள்ளே கிடக்கும் சிறு வாயுச் சுழல்களா, அன்றித் தொலைவிலுள்ள வேறு அண்டங்களா? 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வாஷிங்டன் நகரிலே ஷாப்லி, கேட்டிஸ் என்னும் இருவர் எதிரெதிர்க் கட்சியில் நின்று இதுபற்றி உரையாற்றினர். இருவரும் வல்லுநரே, இருவர் கூற்றிலும் உண்மையும் பிழையும் கலந்திருந்தன. தூரத்தை அளக்கும் கோல் கைவசம் இல்லாத வரையில் இத்தகைய வாதம் முடிவுபெறாது. அக்கோலை உதவியது ஒளிப்படத் தகடு, அதாவது இரசாயனம் ஈன்ற பொருள்.

இரசாயனம் ஈந்த கண்

வெள்ளியின் உப்புக்கள் பூசிய தகட்டிற்கு மனிதக் கண்ணுக்கில்லாத இரு சிறப்புக்கள் உண்டு. மணிக்கணக்காக ஒளியைச் சேர்த்து வைத்தல் ஒன்று; கண்டதை மறவாமை மற்றொன்று. ஹார்வட் அவதான நிலையத்தில் ஒளிப்படத் தகடுகளை ஆராயும் பணியிலிருந்த ஹென்றியெற்றா லீவிற் என்னும் பெண்மணி, மகெலன் முகில்களைக் காட்டும் தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒளி கூடியும் குறைந்தும் மாறும் செபீயிட்டு உடுக்களைத் தேடிக் கணக்கிட்டார். சிறு மகெலன் முகிலிலுள்ள 25 செபீயிட்டுக்களை ஆராய்ந்து அவர் கண்ட விதி 1912இல் வெளியாயிற்று. ஒளிமாற்றத்திற்கு நெடுநாள் எடுக்கும் உடு இயல்பாகவே பிரகாசம் மிக்கது என்பதே அவ்விதி.

இவ்விதியின் பயன் பெரிது. ஓர் உடுவின் ஒளிமாற்றக் காலத்தை எண்ணினால் அதன் உண்மையான பிரகாசம் தெரியவரும். உண்மையான பிரகாசத்தையும் தோற்றத்திலுள்ள பிரகாசத்தையும் ஒப்பிட்டால் அதன் தூரம் கிடைக்கும். இரு மடங்கு தூரத்தில் வைத்த விளக்கு நாலிலொரு பங்கு ஒளியையே கண்ணுக்குத் தரும் என்பது பௌதிக மாணவர் யாவரும் அறிந்ததே.

1923ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் கலிபோர்ணியாவில் வில்சன் மலையிலுள்ள 100 அங்குலத் தொலைகாட்டியினால் அன்டிரமீடாவைப் படம் பிடித்த எட்வின் ஹபிள், அதில் ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டு, திடீரெனப் பொலிந்த புதிய உடு என முதலிற் குறித்தார். பழைய தகடுகளோடு ஒப்பிட்டபோது அது செபீயிட்டு எனத் தெரிந்தது. லீவிற்றின் விதிப்படி கணக்கிடவே, அன்டிரமீடா ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ளது என வந்தது. அத்தொகை பிழையானதே, ஆயினும் பால்வீதியின் எல்லைக்கு மிக அப்பாற்பட்டது. நெடுங்காலத்து வழக்கு அத்துடன் தீர்ந்தது.

நிறமாலையின் சான்று

உடுக்கள் எப்பொருளால் ஆயவை என்பதை மனிதன் ஒருபோதும் அறியமாட்டான் எனப் பிரான்சியத் தத்துவஞானி கொம்ற் 1835இல் எழுதினார். கால் நூற்றாண்டு கழியுமுன்னரே ஜேர்மனியின் ஹைடில்பேர்க் நகரில் இரசாயனவியலார் புன்சனும் பௌதிகவியலார் கேர்க்கோபும் அக்கூற்றைப் பொய்ப்பித்தனர். ஒவ்வொரு மூலகமும் ஒளியின் நிறமாலையில் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கும் என அவர்கள் காட்டிய பின்னர், வானம் ஆய்கூடத்தின் வாயிலுக்கு வந்துசேர்ந்தது. இக்கடன் விரைவிலே திருப்பியளிக்கப்பட்டது. 1868இல் ஞாயிற்றின் நிறமாலையிலே காணப்பட்ட இனந்தெரியாத கோடொன்று ஈலியம் என்னும் புதிய மூலகத்தைச் சுட்டியது. பூமியில் அம்மூலகம் 1895இலேயே பிரித்தெடுக்கப்பட்டது.

நிறமாலை வேகத்தையும் கூறும். நிலையத்தை நெருங்கும் புகையிரதத்தின் ஊதல் கூர்மையாகவும், விலகும்போது தணிந்தும் கேட்பது போல, நெருங்கும் பொருளின் கோடுகள் நீலப் பக்கமும், விலகும் பொருளின் கோடுகள் செந்நிறப் பக்கமும் நகரும். அமெரிக்க வானியலார் சிலைபர் 1912இல் அன்டிரமீடாவின் நிறமாலையை ஆராய்ந்து, அது செக்கனுக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் வேகத்தில் நெருங்கி வருகின்றது எனக் கண்டார். ஆனால் அவர் பின்னர் ஆராய்ந்தவற்றுட் பெரும்பாலானவை விலகிச் செல்வனவாகவே இருந்தன. 1927இல் பெல்ஜியக் குருவானவரும் கணிதவறிஞருமாகிய லெமேற்றர், ஐன்ஸ்ரைனின் ஈர்ப்புக் கொள்கையின் வழிநின்று பிரபஞ்சம் விரிகின்றது என விளக்கினார். தூரம் கூடக்கூட விலகும் வேகமும் கூடுகின்றது என 1929இல் ஹபிள் அவதானங்களாற் காட்டினார்.

புவிச்சரிதவியல் தொடுத்த வழக்கு

விரிந்து செல்லும் பொருள்களின் தூரமும் வேகமும் தெரிந்தால், அவை எல்லாம் ஒருங்கே இருந்த காலத்தைக் கணக்கிடலாம். 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்குச் செக்கனுக்கு 500 கிலோமீற்றர் என ஹபிள் கண்ட வீதத்தின்படி, விரிவு தொடங்கி ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளே ஆயின. இங்கேதான் எதிர்பாராத எதிர்ப்பு எழுந்தது. பூமியின் வயதோ அதனினும் கூடியது என்றது புவிச்சரிதவியல்.

பாறையின் வயதைக் கணிக்கும் முறை கதிர்த்தொழிற்பாட்டிலிருந்து பிறந்தது. யுரேனியம் மாறா வீதத்தில் சிதைந்து ஈற்றில் ஈயமாகின்றது. ஆகவே, கனியமொன்றில் எஞ்சியுள்ள யுரேனியத்தையும் விளைந்த ஈயத்தையும் அளந்தால் அது தோன்றிய காலம் தெரியும். அமெரிக்க இரசாயனவியலார் போல்ற்வுட் 1907இல் இம்முறையை முதன்முதலிற் கையாண்டபோது ஆராய்ந்த கனியங்களுள் இலங்கையிலிருந்து பெற்ற தோரியனைற்றும் ஒன்று. ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் தலைவராயிருந்த காலத்தில், 1904ஆம் ஆண்டில் இந்நாட்டிலே இனங்காணப்பட்ட கனியம் அது. கலை விளக்கத்தால் உலகப் புகழ் பெற்ற அப்பெரியார், முதலில் புவிச்சரிதவியலாராகவே பயிற்சி பெற்றவர் என்பது இங்கு நினைத்தற்குரியது. போல்ற்வுட் அக்கனியத்திற்கு 200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதைக் கணித்தார். தோரியமும் சிதைந்து ஈயமாகின்றது என்பது அக்காலத்தில் தெளிவாகாமையால் அக்கணிப்பு மிகையாயிற்று. உண்மை வயது அதில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே. புவிச்சரிதவியலார் தம் பிழையைத் தாமே கண்டு திருத்தினர். அவ்வாறு திருந்திய முறையைக் கொண்டு ஆதர் ஹோம்ஸ் 1947இல் பூமியின் வயது ஏறத்தாழ 335 கோடி ஆண்டு என அறிவித்தார்.

பிள்ளை தாயினும் மூத்தது என்பதுபோலப் பிரபஞ்சத்தினும் பூமி மூத்ததாக முடிந்தது. இரு விஞ்ஞானங்களுள் ஒன்று பிழைத்திருத்தல் வேண்டும். விரிவுக் கொள்கையையே கைவிட முனைந்தோரும் உளர். தொடக்கமும் ஈறுமில்லாத மாறாநிலைப் பிரபஞ்சக் கொள்கை 1948இல் எழுந்தமைக்கு இம்முரண்பாடும் ஒரு காரணம்.

முடிச்சை அவிழ்த்தவர் வால்டர் பாடே. ஜேர்மனியிற் பிறந்த அவர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவிற் பணியாற்றினார். அந்நிய நாட்டவராகையால் ஏனையோரைப்போல யுத்த வேலைக்கு அவர் அழைக்கப்படவில்லை. வில்சன் மலைத் தொலைகாட்டியைப் பல இரவுகள் பயன்படுத்தும் வாய்ப்புக் கிடைத்தது. அடிவாரத்திலுள்ள லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் விளக்குகள் பாதுகாப்பின் பொருட்டு மங்கலாக்கப்பட்டமையும் அவருக்குத் துணையாயிற்று. அன்டிரமீடாவின் மையப்பகுதியைத் தனித்தனி உடுக்களாகப் பிரித்துக் கண்ட அவர், உடுக்கள் இரு குலத்தன என 1944இல் வெளியிட்டார். சுருட் கைகளில் இருப்பவை இளையன, நீலநிறம் மிக்கவை. மையத்தில் இருப்பவை முதியன, செந்நிறம் மிக்கவை. செபீயிட்டுக்களும் இவ்வாறே இருவகை எனவும், இளைய குலத்தவை முதிய குலத்தவற்றினும் ஏறத்தாழ நான்கு மடங்கு பிரகாசமானவை எனவும் பின்னர் தெளிவாயிற்று. ஹபிள் இளைய குலத்து உடுக்களை நோக்கி முதிய குலத்திற்கு ஒத்த அளவுகோலாற் கணக்கிட்டிருந்தார். நான்கு மடங்கு பிரகாசமெனின் தூரம் இரு மடங்காகும். இத்திருத்தத்தைப் பாடே 1952இல் ரோமாபுரியில் நடைபெற்ற அனைத்துலக வானியல் மாநாட்டில் அறிவித்தார். அன்றே பிரபஞ்சத்தின் அளவும் வயதும் இரட்டித்தன.

இரட்டித்த வயதும் போதவில்லை. கிளெயர் பற்றர்சன் விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என 1956இல் நிறுவினார். 1958இல் அலன் சாண்டேஜ், ஹபிள் தனியுடுக்கள் எனக் கொண்டவற்றுட் சில ஒளிரும் வாயுத் திரள்களே எனக் காட்டி, விரிவு வீதத்தை 75 அளவிற்குக் குறைத்தார். இன்று பிரபஞ்சத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு எனக் கணிக்கப்படுகின்றது. வானத்தையே நோக்கியிருந்தோரின் பிழையை நிலத்தைத் தோண்டியோரின் கல் முதலிற் காட்டிக் கொடுத்தது.

திருப்பிக் கொடுத்த கடன்

அண்ட ஆராய்ச்சி பெற்றதற்கு ஈடாகக் கொடுத்தவற்றுள் தலையாயது மூலகங்களின் பிறப்பு வரலாறு. கல்கத்தாவிற் பணியாற்றிய மேகநாத சாகா 1920இல் வெளியிட்ட சமன்பாடு, வாயுவின் வெப்பநிலைக்கும் அதன் நிறமாலைக்கும் உள்ள தொடர்பை விளக்கியது. அதனைக் கருவியாகக் கொண்டு செசிலியா பெயின் என்னும் இளம்பெண் 1925இல், உடுக்கள் பெரும்பாலும் ஐதரசனாலும் ஈலியத்தாலும் ஆயவை என்னும் முடிவை அடைந்தார். உடுக்களும் பூமியும் ஒரே விகிதமான பொருள்களால் ஆயவை என நம்பிய மூத்த அறிஞரின் சொற்கேட்டு, தம் முடிவு உண்மையாதல் அரிது என அவரே எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அவ்வறிஞரே அதனை உண்மையென ஒப்புக்கொண்டார்.

ஐதரசனே மூலப்பொருளெனின், காபனும் ஒட்சிசனும் இரும்பும் எங்கே உண்டாயின? 1952இல் சில செந்நிறப் பேருடுக்களின் நிறமாலையிலே தெக்னீசியம் என்னும் மூலகத்தைப் போல் மெரில் கண்டார். அம்மூலகத்தின் அணுக்களுள் நெடிது நிலைப்பவையும் 42 இலட்சம் ஆண்டளவில் பாதியாகக் குறைந்துவிடும். உடுவின் நெடிய ஆயுளோடு நோக்கின் இது சிறு பொழுதே. ஆதலால் அது அவ்வுடுவின் உள்ளேயே அண்மைக்காலத்திற் சமைந்ததாதல் வேண்டும். 1957இல் பர்பிட்ஜ் தம்பதியர், பௌலர், ஹொயில் ஆகிய நால்வர் அணுக்கருப் பௌதிகத்தையும் வானியலையும் இணைத்து, மூலகங்கள் உடுக்களில் உருவாகும் முறையை விரிவாக வெளியிட்டனர். முதிர்ந்து வெடிக்கும் உடுக்கள் தாம் சமைத்தவற்றை வெளியே வீசுகின்றன. அவ்வாறு வீசப்பட்டவை சிதறிப் போகாமல் ஈர்ப்பினாற் காத்து, வாயுவோடு கலந்து, அடுத்த தலைமுறை உடுக்களுக்கு வழங்குவது அண்டமேயாகும். குருதியிலுள்ள இரும்பும் எலும்பிலுள்ள கல்சியமும் இவ்வழி வந்தவை. இரசாயனவியலாரின் ஆவர்த்தன அட்டவணைக்கும் உயிரியலாரின் கலத்திற்கும் பால்வீதியின் வரலாறே முன்னுரையாய் அமைகின்றது.

வானொலித் துறையின் தொடர்பு வேறுவிதமாக நேர்ந்தது. கடல்கடந்த தொலைபேசித் தொடர்பைக் குழப்பும் இரைச்சலின் காரணத்தைத் தேடிய பொறியியலார் கார்ல் ஜான்ஸ்கி, 1930களின் தொடக்கத்தில், 23 மணி 56 நிமிடத்துக்கொருமுறை திரும்பிவரும் மெல்லிய இரைச்சலொன்றைக் கண்டார். உடுக்கள் வானத்தைச் சுற்றிவரும் காலமும் அதுவே. அது தனு இராசித் திசையில் உள்ள பால்வீதியின் மையப்பகுதியிலிருந்து வந்தது. 1944இல், பகைவர் ஆட்சிக்குட்பட்டிருந்த ஒல்லாந்தில், ஐதரசன் அணு 21 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் வானொலியலையை வெளிவிடும் என வான் டி ஹல்ஸ்ற் கணித்தார். 1951இல் அவ்வலை ஹார்வட்டில் முதன்முதலிற் பெறப்பட்டது. சில வாரங்களில் ஒல்லாந்தரும், ஜேர்மன் படை விட்டுச்சென்ற ராடர் கருவியைக்கொண்டு அதனைப் பெற்றனர். தூசு மறைத்திருந்த பால்வீதியின் சுருட் கைகள் இவ்வாறே வரையப்பட்டன.

தீராத கணக்குக்கள்

ஞாயிற்றுக்கு அண்மையிலுள்ள புதன் செக்கனுக்கு 47 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. சேய்மையிலுள்ள நெப்தியூனோ 5 கிலோமீற்றரளவிலேயே செல்கின்றது. அண்டத்தின் விளிம்பிலுள்ள உடுக்களும் இவ்வாறே மெதுவாகச் செல்லும் என எதிர்பார்க்கப்பட்டது. வெரா றூபினும் கென்ற் போர்டும் 1970இல் அன்டிரமீடாவை அளந்து வெளியிட்டபோது, வெளிப்புறத்திலும் வேகம் அவ்வாறு குறையவில்லை எனத் தெரிந்தது. கண்ணுக்குப் புலப்படாத பொருள் மிகுதியாயிருந்து ஈர்க்கின்றது என்பதே பெரும்பாலார் கொள்ளும் விளக்கம். சாதாரணப் பொருளைப்போல ஐந்து மடங்களவில் அவ்விருட்பொருள் உண்டு எனக் கணிக்கப்படுகின்றது. அஃது எத்துணிக்கையால் ஆயது என்பதைத் துணிக்கைப் பௌதிகவியலார் நிலத்தின் அடியிலுள்ள ஆய்கூடங்களிலே தேடியும் இன்னும் பிடிபடவில்லை.

விரிவு வீதத்தைப் பற்றிய பழைய வழக்கும் புதிய உருவில் மீண்டும் எழுந்துள்ளது. பிரபஞ்சத்தின் இளமைக்காலத்து எச்சமாக எத்திசையிலும் பரந்துள்ள நுண்ணலைக் கதிர்வீச்சை ஆராய்வோர் அவ்வீதம் 67 அளவில் உண்டென்பர்; செபீயிட்டுக்களின் வழியாக அளப்போருட் பலர் 73 அளவில் உண்டென்பர். வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், அளவீட்டின் நுட்பத்தை நோக்கின் புறக்கணிக்கத்தக்கதன்று. முன்போலவே அளவுகோலிற் பிழை ஒளிந்திருத்தலும் கூடும். இயற்கையைப் பற்றிய கொள்கையிலே திருத்தம் வேண்டியிருத்தலும் கூடும்.

ஒரு துறையின் முடிவை மற்றொரு துறை மறுக்கும்போது, அம்மறுப்பைப் பகையாகக் கருதாது சோதனையாக ஏற்றுக்கொண்டமையாலேயே அண்ட ஆராய்ச்சி வளர்ந்தது. லீவிற் எண்ணிய தகடுகளும், சாகாவின் சமன்பாடும், இலங்கைக் கனியமும், ஜான்ஸ்கி கேட்ட இரைச்சலும் வெவ்வேறு நோக்கத்தோடு தொடங்கியவை. எல்லாம் ஈற்றில் ஒரே வானத்தை விளக்க உதவின. ஆகவே, உயர்வகுப்பில் ஒரு பிரிவைத் தெரிந்தெடுக்கும் மாணவன், ஏனைய பிரிவுகளின் நூல்களை அடியோடு மூடிவிடாதிருத்தல் வேண்டும். தான் நெடுநாள் தேடும் விடை, பக்கத்து வகுப்பறையின் கரும்பலகையில் எழுதப்பட்டிருத்தலும் கூடும்.